உருகிய ஆலங்கட்டி, இறங்கும் காற்று

சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் திண்டுக்கல் மக்களின் கைபேசிக்கு ஒரு செய்தி வரும். அடுத்த 3 மணி நேரத்தில் மாவட்டத்தின் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும், தரைக்காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும் என்று அதில் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டையின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ராத்திரி வரை ஒரு சொட்டு விழாது. நத்தம் பக்கம் மாங்காய் கொட்டிக் கிடப்பதும், வத்தலக்குண்டு பக்கம் குலை தள்ளிய வாழை சாய்ந்ததும் மறுநாள் காலையில்தான் தெரியவரும். இப்படிச் சில முறை நடந்ததும் அந்தச் செய்தியைத் திறக்காமலே விட ஆரம்பிக்கிறோம். இந்தப் பழக்கம்தான் கவலை தருகிறது. எச்சரிக்கை சரியாகத்தான் வருகிறது. அதை எப்படிப் படிப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6,200 சதுர கிலோமீட்டர். ஒரு தனி இடிமேகம் மழை பொழியும் பரப்போ பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கிவிடும். மாவட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. அதன் ஆயுளும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். வானிலைத் துறை 'ஓரிரு இடங்களில்' என்று சொன்னால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடோ அதற்குக் குறைவோ மழையைப் பதிவு செய்யும் என்று கணக்கு. ஆகவே பெரும்பாலான ஊர்கள் நனையாமல் தப்புவது அந்த முன்னறிவிப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எந்த ஊர் மாட்டும் என்பதை மூன்று மணி நேரத்துக்கு முன்னால் உலகின் எந்த வானிலை மையத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தச் சமவெளியின் அமைப்பே இடிமேகம் வளர்வதற்குத் தோதானது. மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை, நத்தத்தை ஒட்டிக் கரந்தமலை. நடுவில் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் நகரமும் வயல்களும். காலை வெயில் மலைச்சரிவுகளைச் சுடவைக்கிறது. சரிவை ஒட்டிய காற்று இலேசாகி மேலேறுகிறது. அது விட்ட இடத்தை நிரப்பச் சமவெளிக் காற்று மலையை நோக்கி நகர்கிறது. கோடையில் தமிழகத்தின் உள்மாவட்டங்களின் மேல் வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் கிழக்குக் காற்றும் வறண்ட மேற்குக் காற்றும் சந்திப்பது வழக்கம். ஈரமும் வெப்பமும் ஏறுவதற்கு ஒரு சரிவும் கிடைத்துவிட்டால் நண்பகலிலேயே சிறுமலை முகட்டில் பூக்கோசு போன்ற மேகங்கள் முளைத்துவிடும். செய்திகளில் வெப்பச்சலனம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்வது இதைத்தான். மூன்று, நான்கு மணிக்குள் அந்த மேகத்தின் உச்சி பதினைந்து கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு, அதற்கு மேல் ஏற முடியாமல் பக்கவாட்டில் தட்டையாகப் பரவும்.

அந்த மேகத்துக்குள் நடப்பதுதான் நம் கதையின் மையம். கோடையில் நம் பகுதியின் மேல் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியைத் தொடும். அதற்கு மேலே போன நீர்த்துளிகள் உடனே உறைவதில்லை. தூசு போன்ற ஒரு பற்றுக்கோல் கிடைக்கும்வரை பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி குளிர்ந்தும் நீராகவே மிதக்கும். மைனஸ் 40 டிகிரியை நெருங்கும்போதுதான் தாமாக உறையும். இத்தகைய துளிகளுக்கு நடுவே ஒரு பனித்துணுக்கு அகப்பட்டால், அதன்மேல் மோதும் துளியெல்லாம் அந்தக் கணமே பனியாகி ஒட்டிக்கொள்ளும். ஆலங்கட்டி வளர்வது இப்படித்தான். மேலேறும் காற்று அதைத் தாங்கிப் பிடித்திருக்கும்வரை வளரும், தாங்க முடியாத எடையானதும் விழும். ஏறுகாற்று எவ்வளவு வலுவானதோ அவ்வளவு பெரிய கட்டி.

விழத் தொடங்கிய கட்டி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் கதி மாறுகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உறைநிலை உயரத்திலிருந்து அங்கே இறங்க மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், அதுவும் குளிர்ந்த காற்றில். திண்டுக்கல்லுக்கோ நாலரை கிலோமீட்டருக்கு மேல், கீழே போகப் போகச் சூடு கூடும் காற்றில். பட்டாணி அளவு கட்டிகளில் பெரும்பாலானவை வழியிலேயே கரைந்து பெரிய குளிர்ந்த மழைத்துளிகளாகத்தான் நம் தலையில் விழும். மலையில் ஆலங்கட்டி சகஜமாகவும் சமவெளியில் அபூர்வமாகவும் இருப்பதற்கு முக்கியக் காரணம் இது.

கட்டி கரைந்துவிட்டது என்று நிம்மதி அடைய வழியில்லை. ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வெப்பம் தேவை. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 600 கலோரி. இந்த வெப்பம் முழுவதையும் பனியும் மழையும் சுற்றியுள்ள காற்றிடமிருந்துதான் உறிஞ்சுகின்றன. ஐம்பது சதுர கிலோமீட்டர் பரப்பில் இரண்டு சென்டிமீட்டர் மழை என்றால் பத்து லட்சம் டன் நீர். அவ்வளவு நீர், ஒரு பகுதி உருகியும் ஒரு பகுதி ஆவியாகியும் இறங்கும்போது வழியிலுள்ள காற்று சட்டென்று குளிர்ந்து, கனத்து, கீழ்நோக்கிப் பாய்கிறது. தரையில் மோதியதும் அதற்குப் போக்கிடம் பக்கவாட்டில்தான். மழைக்கு முன்னால் புழுதியை வாரிக்கொண்டு வரும் சூறைக்காற்று அதுவே. சமவெளிக்கு வந்து சேராத ஆலங்கட்டி நமக்குக் காற்றாக வந்து சேர்கிறது. மேகத்துக்குக் கீழே காற்று வறண்டிருக்க வறண்டிருக்க ஆவியாதல் கூடும், குளிர்ச்சியும் கூடும். வேடசந்தூர், குஜிலியம்பாறை போன்ற வறட்சிப் பகுதிகளில் நாலு தூறல் மட்டும் போட்டுவிட்டுப் பெருங்காற்று மரத்தைச் சாய்த்துவிட்டுப் போவது இதனால்தான். தூறல்தானே என்று மேகத்தை எடைபோடக் கூடாது.

இந்த இறங்குகாற்றை உலகம் புரிந்துகொண்டு இன்னும் நூறாண்டு ஆகவில்லை. 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இடிமழைக்கு நடுவே தரையிறங்க முயன்ற ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்பாகவே விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிதா அதன் காரணத்தைத் தேடினார். ஜப்பானியரான அவர் 1945இல் நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் அழிவைப் பார்வையிட்டவர். குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழிருந்து மரங்கள் எல்லாத் திசையிலும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்ததைக் கண்டவர். 1974இல் அமெரிக்கச் சுழற்காற்றுகளின் சேதத்தை விமானத்திலிருந்து ஆராய்ந்தபோதும் சில காடுகளில் அதே விரிந்த கோலம் தெரிந்தது. மேகத்திலிருந்து காற்று நேராக இறங்கித் தரையில் மோதிச் சிதறுகிறது, விமானத்தை வீழ்த்தியதும் அதுவே என்றார். பல வானிலையாளர்கள் நம்பவில்லை. 1978இல் சிகாகோ அருகே ரேடார்களை நிறுவி அளந்ததில் அவர் சொன்னது உறுதியானது. நான்கு கிலோமீட்டருக்குக் குறைவான குறுக்களவில், சில நிமிடங்களே வீசி, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய காற்று.

ஃபுஜிதாவின் முறையை நம் வாழைத் தோட்டத்திலேயே செய்து பார்க்கலாம். காற்றுக்கு மறுநாள் சாய்ந்த மரங்களின் தலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். அத்தனையும் ஒரே திசையில் படுத்திருந்தால், அல்லது ஓரிடத்திலிருந்து விரிந்து கிடந்தால், அது இறங்குகாற்று. ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, உள்நோக்கி முறுக்கிக் கிடந்தால் மட்டுமே சுழற்காற்று என்று சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் சூறாவளி அடித்தது என்று சொல்லப்படும் சேதத்தில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடையளவு அழுத்தம். 100 கிலோமீட்டரில் 48 கிலோ. பத்தடிக்கு மூன்றடித் தகரத் தகடு ஒன்றின் மேல் 100 கிலோமீட்டர் காற்று 130 கிலோவுக்கு மேற்பட்ட விசையைக் காட்ட முடியும். அந்தத் தகடோ பதினைந்து கிலோகூட இருக்காது. அதன் மேல் நாம் பாரத்துக்கு வைக்கும் கருங்கல்லும் சிமெண்ட் கல்லும் காற்றைத் தடுப்பதில்லை. தகடு எழும்பும்போது அவைதான் கீழே இருப்பவர் தலையில் விழுகின்றன. தகட்டைச் சட்டத்தோடு கொக்கி போல்ட்டில் முடுக்குவதுதான் பாதுகாப்பு, அதிலும் ஓரங்களில் நெருக்கமாக. கூரை பெயர ஆரம்பிப்பது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். காற்று வரும் பக்கத்துக் கதவும் சன்னலும் திறந்திருந்தால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து கூரையை மேலே தள்ளும். ஆகவே அவற்றை முதலில் சாத்த வேண்டும்.

காற்று நேரடியாக மனிதரைக் கொல்வது குறைவு. காற்று தள்ளும் பொருள்தான் கொல்கிறது. 2018 மே 2 அன்று ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அடித்த புழுதிப் புயலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் இரவில் இடிந்த சுவருக்கும் கூரைக்கும் அடியில் அகப்பட்டவர்கள். 2023 ஜூன் முதல் நாள் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தனர். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் மழைக்கு ஒதுங்கியவர்களும் நின்றிருந்த பெட்ரோல் பங்கின் மேல் மாபெரும் விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தனர். ஒதுங்கும் இடம் எது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. நான்குவழிச் சாலையோரம் பலகைகளும், ஊருக்குள் ஃபிளெக்ஸ் வளைவுகளும், கோயில் திருவிழாப் பந்தல்களும் நிறைந்த சித்திரை மாதத்தில் இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எச்சரிக்கை எவ்வளவு முன்கூட்டி வர முடியும்? 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் வலுக்குறைந்தபடி திண்டுக்கல் வழியாகக் கேரளத்தை நோக்கிப் போனது. அது வரும் என்று பல நாள் முன்பே தெரியும், காரணம் கடல்மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இடிமேகம் பிறப்பதே அன்று மதியம்தான். ஆகவே வானிலைத் துறை இரண்டு படியாகச் சொல்கிறது. முந்தைய நாளோ அன்று காலையோ வரும் நிறக் குறியீடு நாளின் சூழலைச் சொல்வது: மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. மூன்று மணி நேரச் செய்தி அதற்கடுத்த படி. ரேடாரும் செயற்கைக்கோளும் மின்னல் உணர்கருவிகளும் மேகம் உருவாவதைக் கண்ட பிறகு வருவது. காலையில் மஞ்சள் பார்த்தவர் மதியம் மூன்று மணி நேரச் செய்தி வந்தால் மாலை வேலைகளை மாற்றிக்கொள்ளலாம். அதுவே அச்செய்தியின் முழுப் பயன்.

இதில் நம் பகுதிக்கு ஒரு குறை உண்டு. காரைக்கால் ரேடார் திண்டுக்கல்லிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அரை பாகை சாய்வில் கிளம்பும் அதன் கதிர், பூமியின் வளைவால், நம்மை அடையும்போது தரையிலிருந்து 4 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. கொச்சியிலும் ரேடார் உண்டு. இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மேகத்தின் மேற்பாதியை அவை காணும். தரையை ஒட்டிப் பாயும் இறங்குகாற்றை அவற்றால் காண முடியாது. தென் தமிழகத்தின் உள்மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு ரேடார் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலி இப்போதைக்கு நல்ல துணை. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் விழுவதைக் காட்டுகிறது. தமிழ்நாடு அரசின் டிஎன்-அலர்ட் செயலி தமிழிலேயே எச்சரிக்கையைத் தருகிறது.

கடைசிப் படி நம் காதிலும் கண்ணிலும் இருக்கிறது. இடியோசை பொதுவாக 15 கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். மேகம் மணிக்கு 40 கிலோமீட்டரில் நகர்ந்தாலும் நம்மை அடைய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே முதல் இடி கேட்டதும் அதிகம் போனால் இருபது நிமிடமே கையில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். மின்னலுக்கு அந்தக் கால அவகாசமும் கிடையாது, மேகத்தின் விளிம்பிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியும் அது விழும். ஒளி தெரிந்ததிலிருந்து ஓசை வரும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். முப்பதுக்குள் ஓசை வந்தால் வெளியில் நிற்கும் நேரம் முடிந்தது. பிறகு கண்: மேகத்தின் அடியில் கறுத்த விளிம்பொன்று வளைந்து தாழ்ந்து வரும், அதன் கீழே புழுதி கோடு கட்டி எழும். அனல்காற்று சட்டென நின்று, எதிர்த்திசையிலிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்து, மண்வாசனை வரும். அந்த வாசனையை நாம் ரசிக்கப் பழகியிருக்கிறோம். அது வரும்போது இறங்குகாற்றின் முகப்பு நம்மைத் தொட்டுவிட்டது. வேகம் உச்சத்துக்குப் போக ஓரிரு நிமிடங்களே இருக்கும்.

ஒதுங்க வேண்டியது தளம் போட்ட கட்டடத்தில். பள்ளிக்கூடம், வங்கி, ரேஷன் கடை, யார் வீடானாலும் சரி. இந்த மாவட்டத்தில் ஓடி வருபவரைத் திண்ணையில் நிறுத்தும் வீடு குறைவு. தகரக் கொட்டகை, பாதி எழும்பிய சுவர், பழைய மதில், பலகை, செல்போன் கோபுரம் இவற்றின் அடியில் நிற்கக் கூடாது. நத்தம் சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் மழை தொடங்கியதும் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்துவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். கிளை முறிவதற்கும் மின்னல் இறங்குவதற்கும் அதைவிட மோசமான இடம் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர். காருக்குள் இருந்தால் மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் விலகி நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, உள்ளேயே இருக்கலாம்.

ஆலங்கட்டி விழுந்தால் முதல் காரியம் தலையைக் காப்பது. ஒரு அங்குலக் கட்டி மணிக்கு 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அடிக்கும். வண்டியில் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே ஓட வேண்டும்; வயலில் இருப்பவர் அன்னக்கூடையையோ மடித்த சாக்கையோ தலைக்கு மேல் பிடித்து ஓடலாம். சிமெண்ட் ஷீட்டும் ஓடும் உடையக்கூடியவை, அவற்றின் கீழே நின்றால் சுவரை ஒட்டியோ கட்டிலுக்கு அடியிலோ இருப்பது மேல். 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பகுதியில் ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தனர். ஒரே ஆலங்கட்டி மழையில் நேர்ந்த அதிகபட்ச உயிரிழப்பாக உலக வானிலை அமைப்பு அதைப் பதிவு செய்திருக்கிறது. வடக்கில் உயரே வீசும் வலுத்த மேல்காற்று மேகத்தைச் சாய்த்து நெடுநேரம் வாழவைக்கிறது, கட்டிகள் பெருக்கின்றன. தென்கோடியில் அந்த மேல்காற்று கோடையில் வலுவற்றது. மொராதாபாத் இங்கே நடக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெட்டவெளியில் அகப்பட்டவர்களே அங்கு அதிகம் மாண்டார்கள் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

வெட்டவெளியில் இருப்பது யார்? நிலக்கோட்டைப் பூக்காட்டில் இருப்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், அய்யலூர் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள். செய்தி வரும் கைபேசி வீட்டில் மகனிடம் இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் கோயில் மைக் செட் இருக்கிறது. ஊராட்சிக்கு எச்சரிக்கை வந்ததும் அதில் ஒரு முறை சொன்னால் அரை மைல் சுற்றுவட்டத்தில் உள்ளவர் காதில் விழும். செலவில்லாத இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு ஊராட்சியும் கோடைக்கு முன்பே முடிவு செய்து வைக்கலாம். யார் சொல்வது, அவர் இல்லாவிட்டால் யார் என்பது வரை.

காற்று அடங்கியதும் கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் பொறுத்து வெளியே வரவேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத் தரையில் பத்து மீட்டர் விலகி நின்று, பிள்ளைகளையும் மாடுகளையும் தடுத்து, மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் இறங்குவது அதற்குப் பிறகு.

பயிர்க் காப்பீட்டில்தான் நம் விவசாயிக்கு ஒரு வருத்தம் காத்திருக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயல் அளவில் இழப்பீடு கோரக்கூடிய இடர்களாக ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீரில் மூழ்குதல், மேகவெடிப்பு, மின்னலால் பற்றும் தீ ஆகியவை சொல்லப்பட்டிருக்கின்றன. இடிமழையின் காற்று அந்தப் பட்டியலில் இல்லை. கட்டி கட்டியாகவே வாழையில் விழுந்தால் வழியுண்டு. நாலு கிலோமீட்டர் உயரத்தில் உருகிக் காற்றாக விழுந்து அதே வாழையைச் சாய்த்தால் தனி வயலுக்கு அந்த வழி இல்லை. இரண்டும் ஒரே மேகத்தின் வேலை என்பதை இயற்பியல் காட்டுகிறது. பட்டியலும் அதை ஏற்க வேண்டும். அதுவரை செய்யக்கூடியது, கட்டி விழுந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ தெரிவிப்பது. காற்றுச் சேதம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலரிடமும் அன்றே மனு கொடுப்பது. 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே பேரிடர் நிவாரண விதி பேசுகிறது என்பதால் சாய்ந்த மரங்களை எண்ணி வைப்பது. வெட்டி அப்புறப்படுத்தும் முன்பு தோட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள், மரங்களின் தலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரியும்படி.